அந்த 40 ஸ்லைடை யாரும் படிப்பதில்லை: கிளையன்ட் ரிவ்யூ ரிப்போர்ட் போடும் முறை

மற்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐடி சப்போர்ட்காரர்கள் நாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளையன்ட்டிடம் 40 ஸ்லைடில் ரிப்போர்ட் காட்டுகிறோம். முதலில், மானிட்டரிங் டூலில் (மெஷின்கள் ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் சாஃப்ட்வேர்) ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்லைடில் ஒட்டுவதை நிறுத்துங்கள். அந்தப் பச்சை வட்டமும் சிவப்பு வட்டமும் நமக்காகச் செய்தவை. எதிரே உட்கார்ந்திருப்பவர் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 60 கம்ப்யூட்டர், ஒரு சர்வர், ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். இந்த மூன்று மாதத்தில் என் வேலை எங்கே நின்றது, அடுத்து எதற்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் அவர் மனதில் ஓடும். இந்த இரண்டுக்கும் முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே அவர் இன்றைக்கு சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டிய விஷயங்கள். மற்றதெல்லாம் பின்னிணைப்புதான்.

அந்த ஒரு பக்கத்துக்குத்தான் நிறைய வேலை. டிக்கெட் டேட்டாவை (ஒவ்வொரு பிரச்சினைக்கும் பதிவாகும் புகார்களை) எக்ஸ்போர்ட் செய்ததும் நேர நெடுவரிசையைப் பாருங்கள். நிறைய டூல்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் தரும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 9.30-க்கு வந்த டிக்கெட் விடியற்காலை 4 மணி என்று நிற்கும். அதை வைத்து ‘ஆபீஸ் நேரத்துக்கு வெளியே வந்தவை’ என்று ஒரு சார்ட் போட்டால் கதை கந்தல். அடுத்து, டூல் தானாகப் போட்ட அலர்ட் டிக்கெட்டுகளையும் ஆட்கள் போட்டவற்றையும் பிரியுங்கள். இரண்டையும் கூட்டி ‘800 டிக்கெட் முடித்தோம்’ என்று பெருமையாகச் சொன்னால், அவ்வளவு பிரச்சினையா நம்ம ஆபீஸில் என்றுதான் அவர் கேட்பார்.

சராசரியையும் நம்ப வேண்டாம். 20 டிக்கெட்டில் 19 அரை மணியில் முடிந்து ஒன்று மட்டும் 40 மணி நேரம் இழுத்தால், சராசரி கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் என்று வரும். இரண்டரை மணி நேரம் காத்திருந்த ஆள் அந்த ஆபீஸில் ஒருவர்கூட இல்லை! எக்செல்லில் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) போட்டால் அரை மணி என்று சரியாகச் சொல்லும். அந்த 40 மணி நேரத்தை மறைக்காமல் தனியாக நாலு வரியில் எழுதுங்கள்: என்ன நடந்தது, யார் வேலை நின்றது, ஏன் இழுத்தது, இனி வராமல் இருக்க என்ன செய்தோம்.

அப்டைம் (சிஸ்டம் நிற்காமல் ஓடிய நேரம்) கணக்கிலும் இதே வில்லங்கம் உண்டு. 99.9% என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 90 நாள் காலாண்டில் சுமார் 2 மணி 10 நிமிடம் சிஸ்டம் நின்றது என்று அர்த்தம். ஞாயிறு ராத்திரி போயிருந்தால் யாருக்கும் தெரியாது. லாரி வாசலில் நிற்க, இ-வே பில் எடுக்கும் நேரத்தில் போயிருந்தால் அவர் மறக்கவே மாட்டார். அதனால் சதவீதத்தோடு நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரு கிளையன்ட்டின் டொமைன் (இணைய முகவரிப் பெயர்) ரினியூவலைக் கோட்டைவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை அரை நாள் மெயில் வராமல் போனது. அதை 23-ஆம் ஸ்லைடில் சின்ன எழுத்தில் தள்ளியிருந்தேன். மூன்றாவது ஸ்லைடிலேயே அவர்களுடைய அக்கவுண்டன்ட் அக்கா, “தம்பி, அந்த செவ்வாய்க்கிழமை எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றார். அன்றிலிருந்து நம் தப்பு முதல் பக்கத்தில்தான்.

பேக்கப்புக்கு ‘100% வெற்றி’ என்று போடாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஃபோல்டரை ரீஸ்டோர் செய்து பார்த்தோம், எத்தனை நிமிடம் ஆனது, திறந்து பார்த்தது யார் என்று எழுதுங்கள். செய்து பார்க்கவில்லையா? மீட்டிங்குக்கு முன்பே செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

செலவுப் பகுதியில் பயமுறுத்தாமல் தேதி சொன்னால் போதும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. எஸ்கியூஎல் சர்வர் 2016 என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேருக்குக் கடைசி நாள் 2026 ஜூலை 14, விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12. எத்தனை மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸரும் இருக்கின்றன, எத்தனை விண்டோஸ் 11-க்குப் போகும், எத்தனையை மாற்ற வேண்டும் என்று எண்ணிப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கே கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கி ஓட்டலாமே என்று கேட்பார். நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த பட்டியல் விலை முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், பிறகு ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருடம். அதைப் புது மெஷின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார், நாம் விற்க வேண்டியதில்லை.

இரண்டு நாள் முன்னாடியே அனுப்புங்கள், ஆனால் பிடிஎஃப் ஆக மட்டும். எக்செல் சார்ட்டை ஒர்க்புக்கோடு சேர்த்துப் பவர்பாயிண்ட்டில் ஒட்டியிருந்தால், அந்த சார்ட்டைத் திறக்கிறவருக்கு முழு ஒர்க்புக்கும் கிடைக்கும். அதே ஒர்க்புக்கில் பக்கத்து ஷீட்டில் இன்னொரு கிளையன்ட்டின் டிக்கெட்டுகள் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். சார்ட்டைப் படமாக ஒட்டுங்கள், அனுப்பும் முன் ஃபைலில் பழைய கிளையன்ட் பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஃபூட்டரில்தான் எப்போதும் ஒளிந்திருக்கும்.