பன்னிரண்டாம் வகுப்பில் எந்த ஆங்கிலம்? கலிஃபோர்னியா பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்றால் எல்லோருக்கும் ஒரே ஆங்கிலப் பாடம்தான். கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான படிவம் பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு நடக்கும்போதே வந்துவிடும்.

படி 1: எத்தனை ஆண்டு தேவை?

பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலச் சட்டம் கேட்பது 3 ஆண்டு ஆங்கிலம். பல பள்ளி மாவட்டங்கள் 4 கேட்கின்றன. மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளான யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆகியவற்றில் பள்ளி முடித்ததும் நேரடியாகச் சேர, அவை கேட்கும் பள்ளிப் பாடங்களின் 'ஏ-ஜி' பட்டியலில், ஆங்கிலத்துக்கான 'பி' பிரிவில் 4 ஆண்டு ஆங்கிலம் வேண்டும். ஆகவே '3 ஆண்டு போதும்' என்று யாராவது சொன்னால், எதற்குப் போதும் என்று கேளுங்கள்.

படி 2: டிரான்ஸ்கிரிப்டை (பள்ளியின் கிரேடு பதிவை) பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். 'பி' பிரிவில் சி அல்லது அதற்கு மேலான கிரேடு மட்டுமே கணக்கு. கணிதத்தில் டி வாங்கிய பிள்ளை அடுத்த நிலை வகுப்பில் நல்ல கிரேடு வாங்கினால் அந்தக் குறை நீங்கிவிடும். யு.சி.யைப் பொறுத்தவரை ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடை விடுமுறையே அதற்கு நல்ல நேரம்.

அண்மையில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கான இ.எல்.டி. வகுப்புகளில் அதிகபட்சம் ஓர் ஆண்டுதான் இந்த 4-இல் சேரும்.

படி 3: வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

வழக்கமான இங்கிலிஷ் 12 பல பள்ளிகளில் இருக்கும். இ.ஆர்.டபிள்யூ.சி. என்பது கால் ஸ்டேட் உருவாக்கிய பாடம். கட்டுரைகளைப் படித்து, வாதங்களை எடைபோட்டு, எழுதப் பழக்குகிறது. பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கு இது மிகவும் பயன்படும் என்பது என் கருத்து.

ஏ.பி. என்பவை பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள். அவற்றில் ஏ.பி. லிட்டரேச்சர் கவிதை, நாவல், நாடகம் பிடித்தவர்களுக்கு. 'ஏ.பி. எடுத்தால் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) ஏறும்' என்று மட்டும் நினைத்து அதில் தள்ளிவிடாதீர்கள். யு.சி. விண்ணப்பத்துக்கான ஜி.பி.ஏ. கணக்கு பதினொன்றாம் வகுப்புக்குப் பிந்தைய கோடையோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கடினமான பாடம் எடுத்திருப்பதைப் பார்ப்பார்கள்தான், ஆனால் கூடுதல் புள்ளி வராது. கதை படிக்கவே பிடிக்காத பிள்ளையை ஓர் ஆண்டு முழுக்க வாட்டுவது வேண்டாமே.

அப்புறம் டூயல் என்ரோல்மென்ட், அதாவது பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிப்பது. கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க ஆங்கிலப் பாடத்தை ஒரு செமஸ்டர் படித்தால், ஓர் ஆண்டுப் பள்ளி ஆங்கிலத்துக்குச் சமம். ஆனால் அந்த கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக இருக்கும். நேரத்துக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கே இது சரி.

படி 4: சரிபாருங்கள்

யு.சி. இணையதளத்தில் ஏ-ஜி பாடப்பட்டியல் இருக்கிறது. உங்கள் பள்ளியின் பெயரைக் கொடுத்து, தேர்ந்தெடுத்த வகுப்பு 'பி' பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவத்தில் கையெழுத்திடும் முன் கவுன்சிலரிடம் பேசுங்கள்.

படி 5: நடுவில் விடவேண்டாம்

இடம் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான். வகுப்பைக் கைவிட்டாலோ, டி, எஃப் வந்தாலோ சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.