கிணறு, மோட்டர், தாங்கி: புதுப் பெடியள் விடுகிற பிழைகள்

மோட்டர் பூட்டுற வேலைக்குப் புதிதாக வருகிற பெடியள் வயர் மாற்றிக் கொடுப்பது, பைப்புக்குப் பசை போதாமல் விடுவது எல்லாம் இரண்டு ஏச்சு வாங்கினால் திருந்திவிடும். நிற்கிற தண்ணீரின் கணக்குத் தெரியாமல் விடுகிற பிழைதான் வீட்டுக்காரரின் காசைத் தின்கிறது.

பெரிய தாங்கி வைத்தால் பைப்பில் தண்ணீர் வருகிற வேகம் கூடுமா?

கூடாது. அமுக்கம் உயரத்தைத்தான் பார்க்கும், லீற்றரைப் பார்க்காது. 500 லீற்றரோ 2000 லீற்றரோ, தண்ணீர் மட்டம் பைப்புக்கு 3 மீற்றர் மேலே நின்றால் சுமார் 0.3 பார்தான். தாங்கியை உயர்த்துங்கோ.

மேலே வைக்கிற மோட்டர்

கிணற்றுத் தண்ணீரைத் தள்ளி ஏற்றுவது வெளிக்காற்று. அந்தத் தள்ளல் 10 மீற்றருக்குச் சற்று மேலே முடிந்துவிடும். நடைமுறையில் தண்ணீர் மட்டத்திலிருந்து மோட்டர் வரை 7 மீற்றர் என்று வையுங்கோ. கோடை மட்டத்தை அளவுங்கோ, மாரி மட்டத்தை அல்ல.

"இன்னும் பத்தடி துளைச்சாத் தண்ணி பாயும் அண்ணை"

இதைக் கேட்டாலே எனக்குப் பத்தி எரியும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைத்தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஒரு கனமீற்றர் நல்ல தண்ணீர் 1000 கிலோ, கடல்நீர் ஏறக்குறைய 1025 கிலோ. வித்தியாசம் அவ்வளவு சிறிதாக இருப்பதால், கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும். அதே கணக்குத் திரும்பியும் அடிக்கும்: இறைத்து இறைத்து மட்டத்தை அரை அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியில் உப்பு மெல்ல மெல்ல 20 அடி ஏறும்.

கரையோரத்தில் ஒரு வீடு. ஆவணியில் கிணறு வற்ற, அடியில் துளை போட்டு இரண்டு குதிரைவலு மோட்டர் பூட்டினார்கள். முதல் கிழமை தண்ணீர் பொங்கியது. பிறகு தேத்தண்ணி கரித்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை, மிளகாய்க் கன்றுகளின் இலையோரம் கருகிச் சுருண்டது. அடுத்த மாரி பெய்து முடிந்தும் கரிப்புப் போகவில்லை. பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்து கெட்டது. துளைத்த பெடியனோ, "தண்ணி காட்டித் தந்தனான்தானே" என்கிறான்.

துலா மிதித்த காலத்தில் கிணற்றுக்கு முன்னம் ஆளுக்குக் களைப்பு வந்துவிடும், உப்பும் கீழேயே கிடந்தது. இப்போது சின்ன மோட்டர் போட்டு, விட்டு விட்டு இறையுங்கோ. தண்ணீர் போதாவிட்டால் தள்ளி இன்னொரு ஆழமில்லாக் கிணறு வெட்டுங்கோ.

தாங்கி மூடியின் காற்றுத் துளை

அடைக்காதேங்கோ. பூச்சி வந்தால் வலை கட்டுங்கோ.