செலவில்லாமல் ஊருக்குள் என்ன நடக்கிறது? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

'இன்று இலவச நிகழ்ச்சிகள்' என்று கூகுளில் தட்டினால் டிக்கெட் போட்டு நடத்துபவைதான் முன்னால் வந்து நிற்கும். விளம்பரத்துக்குப் பணம் இருப்பவர்கள் அவர்கள்தானே. நூலகம், அருங்காட்சியகம், பல்கலைக்கழகத் துறை, பறவை பார்க்கும் குழு போன்றவை அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு தகவல் போடுவதோடு சரி. ஆகவே நடத்துகிறவர்களை முதலில் பிடியுங்கள். நிகழ்ச்சிகள் பின்னால் தானே வரும்.

படி 1: நடத்துகிறவர்களைப் பட்டியலிடுங்கள்

கூகுள் மேப்ஸைத் திறந்து, நூலகம், அருங்காட்சியகம், கோளரங்கம், பூங்கா, பல்கலைக்கழகம் என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பஸ்ஸிலோ நடந்தோ போய்வரக்கூடியவற்றை மட்டும் 'சேமி' பொத்தானை அழுத்தி வையுங்கள். தூரமாக இருப்பதற்குப் போகிற செலவே டிக்கெட் விலையைத் தாண்டிவிடும்.

முதலில் நேரில் போக வேண்டியது நூலகம். குழந்தைகளுக்கான கதை நேரம், வாசிப்பு வட்டம், கணினிப் பயிற்சி என்று பல நூலகங்கள் நடத்துகின்றன. தங்கள் கட்டடத்தில் நடப்பது போக, ஊரில் வேறு யார் என்ன நடத்துகிறார்கள் என்பதும் நூலகருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

பல்கலைக்கழகங்களின் பொதுச் சொற்பொழிவுகளைப் பலர் கவனிப்பதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். 'பொது' என்று அறிவித்த உரைக்கு மாணவராக இல்லாத நீங்களும் போகலாம். தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான மாலைப்பொழுது வேறில்லை: பக்கத்தில் யாரும் இல்லையே என்ற கூச்சம் அங்கே எழாது.

படி 2: ஆண்டுதோறும் வரும் நாள்களைக் குறித்து வையுங்கள்

- மே 18, சர்வதேச அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடப்படுகிறது. பல அருங்காட்சியகங்கள் அன்று கட்டணம் வாங்குவதில்லை.
- ஜூன் 21, உலக இசை நாள். 1982இல் பிரான்சில் தொடங்கியது. தெருவிலும் பூங்காவிலும் இலவசமாகப் பாடுவதுதான் இதன் நோக்கமே.
- மே முதல் வார இறுதி, ஜேன்ஸ் வாக். தன்னார்வலர்கள் அழைத்துச் செல்லும் நடை. 2007இல் டொராண்டோவில் ஆரம்பித்து வேறு பல நகரங்களுக்கும் பரவியது.
- பிப்ரவரி, 'கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட்' (Great Backyard Bird Count) என்ற நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு. 15 நிமிடம் பறவைகளைப் பார்த்து எண்ணி, பட்டியலை இணையத்தில் பதிவு செய்தால் போதும். மொட்டை மாடியிலிருந்தே குழந்தைகளோடு செய்யலாம்.

வாராவாரம் வேண்டுமென்றால் பார்க்ரன் இருக்கிறது. பல நாடுகளில் சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர் ஓட்டம், நடந்தும் முடிக்கலாம். சில ஊர்களில் 4 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்கு ஞாயிறுதோறும் 2 கிலோமீட்டர்.

படி 3: இப்போது இணையத்தில் தேடுங்கள்

ஈவென்ட்பிரைட், மீட்டப் என்ற நிகழ்ச்சி அறிவிப்புத் தளங்கள், ஃபேஸ்புக் நிகழ்வுகள் ஆகிய மூன்றிலும் ஊரையும் தேதியையும் கொடுத்துத் தேடுங்கள். ஈவென்ட்பிரைட்டில் இலவசமானவற்றை மட்டும் காட்டும் ஃபில்டர் உண்டு. கூகுளில் தேடுவதானால் "அனுமதி இலவசம்", "அனைவரும் வருக" என்று மேற்கோள் குறிக்குள் போட்டு, ஊர்ப் பெயரைச் சேருங்கள். அறிவிப்பு எழுதுகிறவர்கள் பயன்படுத்துவது இந்தச் சொற்களைத்தான்.

படி 4: கிளம்புமுன் சரிபாருங்கள்

முன்பதிவு வேண்டுமா, வயது வரம்பு உண்டா, கைக்குழந்தை வண்டி உள்ளே போகுமா, மழை வந்தால் நடக்குமா? 'பதிவு இலவசம்' என்று போட்டுவிட்டு உள்ளே பயிற்சிப் பொருளுக்குக் காசு கேட்பதும் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். இலவசம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இருக்கை காலியாகக் கிடக்க, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் வீட்டில் இருக்கும்.

படி 5: அடுத்தது உங்களைத் தேடி வரட்டும்

பிடித்த இடத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சேருங்கள். அவர்கள் பக்கத்தில் 'காலண்டரில் சேர்' என்ற இணைப்பு இருந்தால் அழுத்துங்கள். தேதி உங்கள் போனில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிகழ்ச்சி முடிந்ததும் உடனே கிளம்பாமல், நடத்தியவரிடம் அடுத்த கூட்டம் எப்போது, வாட்ஸ்அப் குழு இருக்கிறதா என்று கேளுங்கள்.