கோடையில் இட்லி மாவு: சூட்டை அளந்து புளிக்க வைப்பது

மாவு புளித்துப் போனால் சென்னையில் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுவோம். பாதிப் பழி கிரைண்டருக்குப் போக வேண்டியது. கல் உரசும் சூட்டில், அரைத்து எடுக்கும் மாவு சமையலறைக் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். அதனால் அளக்க வேண்டியது மாவை.

கம்பிமுனை வைத்த சமையல் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. அது 32, 35 என்றுதான் தொடங்கும். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, முனையை நடுவில் வைத்தால் 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் எப்போதும் 1 கழித்துக்கொள்ளுங்கள்.

4 கப் இட்லி அரிசி, 1 கப் உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். மே மாதத்தில் உளுந்தை ஃப்ரிட்ஜிலேயே ஊற வைத்து, ஊறிய தண்ணீரையே தெளித்து அரையுங்கள். கடைசியில் ஐஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் மாவு நீர்த்துவிடும். உப்புப் போட்டுக் கையால் கலக்கியதும் பாத்திரத்தின் நடுவே, பாதி ஆழத்தில் அளவு பாருங்கள். ஓரத்தில் பார்த்தால் ஏமாற்றும். 28 டிகிரி நல்ல தொடக்கம்.

மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லுகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. 20 முதல் 30 டிகிரிதான் அதற்கு இதம். சூடு அதைத் தாண்டினால் அமிலம் சுரக்கும் மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். பொங்குவதற்குள் புளிப்பு ஏறிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தில் இறக்கி வையுங்கள். ஈரத்துணி சுற்றுவது நம் ஊர்க் கடல்காற்றின் ஈரத்தில் அவ்வளவாகப் பலிக்காது.

மார்கழியில் தலைகீழ். மாவு 24-க்குக் கீழே போனால் அணைத்து வைத்த ஓவனுக்குள் ஒரு சொம்பு வெந்நீரோடு வையுங்கள். ஓவன் விளக்கைப் போட்டு வைக்கும் பழைய வித்தை குண்டு பல்பு இருந்தால்தான் பலிக்கும். எல்இடி அவ்வளவாகச் சுடாது.

4 மணி நேரம் கழிந்ததும், பிறகு மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். ஒரு சொட்டு மாவு தண்ணீரில் மிதந்தால் ஃப்ரிட்ஜுக்கு நேரமாகிவிட்டது. 3 லிட்டர் தூக்கை அப்படியே உள்ளே தள்ளினால் மேலே குளிர்ந்த பிறகும் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், புளித்துக்கொண்டும் இருக்கும். அதைக் கலக்காமல், அரை லிட்டர் டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள்.