40 பக்கக் கதையும் பாத்ரூம் இல்லாத தியேட்டரும்

என் முதல் வீடியோ கேமுக்கு 40 பக்கத்தில் கதை எழுதி வைத்திருந்தேன். மூடிக் கிடக்கும் ஒரு பழைய தியேட்டர். அதைக் கட்டிய பெரியவர், அவருடைய இரண்டு மகன்கள், சொத்துத் தகராறு, கடைசிக் காட்சி ஓடிய இரவு, எல்லாம் அதில் இருந்தன. ஆடுபவர் பழைய ஆபரேட்டரின் பேரன். இரவில் உள்ளே புகுந்து புரொஜெக்டரை ஓட வைக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு எழுத்து ஓடும். அக்கா பையனை உட்கார வைத்து ஆடச் சொன்னேன். அவன் ஸ்கிப் பட்டனை அமுக்கிக்கொண்டே வந்து, தியேட்டரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஏழாவது நிமிடம் கேட்டான்: "மாமா, இந்தத் தியேட்டர்ல பாத்ரூம் எங்க?"

பாத்ரூம் இல்லை. நான் வைக்கவே இல்லை. மூன்று தலைமுறைக் கதை எழுதியவனுக்கு, இடைவேளையில் நானூறு பேர் எங்கே போவார்கள் என்று தோன்றவில்லை.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன். ஒரு கேமில் கதைக்கு எவ்வளவு இடம், அது நடக்கும் உலகத்துக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்ய இப்போது நான் பின்பற்றும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியாகவோ நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ கேம் செய்பவர்களுக்கு இது பயன்படும். நூறு பேர் வேலை செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கு நான் என்ன சொல்வது!

கதை என்று நான் சொல்வது, யாருக்கு என்ன ஆகிறது, அடுத்து என்ன ஆகப்போகிறது என்பது. உலகம் என்பது அந்த இடம்: அங்கே யார் இருந்தார்கள், யாருக்கு யார் பயந்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது. இரண்டும் ஒரே பொருளில் வந்து உட்காரும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க ஹாஃப்-லைஃப் 2 கேமின் முதல் பத்து நிமிடத்தை ஆடிப் பாருங்கள். 2004இல் வந்தது, இன்றும் பழசாகவில்லை. ரயிலில் சிட்டி 17க்கு வந்து இறங்குகிறோம். பெரிய திரையில் ஒருவர் இனிமையாக வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் உள்ளே போனால் முகமூடி போட்ட காவலன் ஒருவன் வழியை மறிக்கிறான். ஒரு காலி டப்பாவைக் கீழே தட்டிவிட்டு, எடு என்கிறான். எடுத்தால், குப்பைத் தொட்டியில் போடு என்கிறான். போட்டால் வழி விடுவான். அவன் மேலேயே எறிந்தால் தடியோடு அடிக்க வருவான்.

அந்த ஊரை யார் எப்படி ஆள்கிறார்கள் என்று நமக்கு யாரும் விளக்கவில்லை, ஆனால் வயிற்றுக்குள் புரிந்துவிடுகிறது. பொருளை எடுக்க எந்தப் பட்டன், எறிய எந்தப் பட்டன் என்ற பாடமும் அதிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு டப்பாவில் மூன்று வேலை. நான் மூன்று நிமிடம் எழுத்து ஓட விட்டேன்!

சரி, வேலைக்கு வருவோம். கதை எழுத உட்காரும் முன் ஒரு தாளில், இந்த கேமில் ஆடுபவரின் கை என்ன செய்கிறது என்று ஒரே வினைச்சொல்லில் எழுதுங்கள். சுடுகிறது, தேடுகிறது, ஓடுகிறது, சமைக்கிறது, எதுவானாலும் சரி. கதை எவ்வளவு வேண்டும் என்பதை அந்த வினைச்சொல்தான் முடிவு செய்யும், நம் ஆசை அல்ல.

டூம் என்ற சுடும் கேம் உருவானபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். குழுவில் இருந்த டாம் ஹால், கதாபாத்திரங்களும் பின்கதையுமாக 'டூம் பைபிள்' என்று விரிவான ஆவணம் ஒன்றை எழுதினார். நிரலாளர் ஜான் கார்மாக்குக்குக் கதை அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. ஆவணத்தில் பெரும்பகுதி கழிந்தது. கேம் வெளிவரும் முன்பே ஹால் நிறுவனத்தை விட்டு விலகினார். 1993 டிசம்பரில் வந்த டூமில் கதை என்று பார்த்தால் சில பத்திகள்தான். ஆடும்போது எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை, ஏனென்றால் கை சுட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அங்கே உலகம் இல்லாமல் இல்லை. செவ்வாயின் ஃபோபோஸ் நிலாவில் ஒரு தளம், விட்டு விட்டு எரியும் விளக்கு, சுவருக்கு அப்பால் உறுமல். கதையைக் குறைக்கலாம், இடத்தைக் குறைக்க முடியாது.

எதிர்ப்பக்கத்தில் வெண்பா என்ற கேம். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்து 2023இல் வெளியிட்டது. 1988இல் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தம்பதியின் கதை. இங்கே வினைச்சொல் சமைப்பது. மனைவி வெண்பாவின் கையில் அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்துகள் அழிந்து போயிருக்கின்றன. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நாம்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு எது கைநழுவிப் போகிறது என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிவிடுகிறது. கதை கனமானது, ஆனால் கை செய்யும் வேலையிலிருந்து அது ஓர் அங்குலம்கூட விலகவில்லை.

என் கேமின் வினைச்சொல் தேடுவது. அப்படியென்றால் கதை முழுக்க ஏற்கெனவே நடந்து முடிந்திருக்க வேண்டும், ஆடுபவர் அதன் தடயத்தைத்தான் பார்க்க வேண்டும். இது தெரிந்தபின் அடுத்த வேலை கொஞ்சம் வலிக்கும். 40 பக்கத்தையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, ஆடுபவர் பார்க்கவோ கேட்கவோ தொடவோ முடியாத ஒவ்வொரு வரியையும் அடித்தேன். "பெரியவர் மனத்தில் நீண்ட நாளாக ஒரு கவலை இருந்தது", அடி. "ஊர்மக்கள் அவரைப் பெரிதும் மதித்தனர்", அடி. கடைசியில் ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது.

அடித்ததில் முக்கியமானவற்றை ஒரு பொருளாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். அண்ணன் தம்பி தகராறு மட்டும் என்னிடம் 11 பக்கம் இருந்தது. இப்போது அது இரண்டு பூட்டு. வசூல் பணம் வைக்கும் அறைக் கதவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தொங்குகின்றன, ஒன்று துருப்பிடித்தது, இன்னொன்று கொஞ்சம் புதுசு. இரண்டையும் திறந்தால்தான் உள்ளே போக முடியும். அண்ணன் சாவி மேனேஜர் மேசை இழுப்பறையில் கிடைக்கும். தம்பி சாவி அங்கே இருக்காது. மேலே ஆபரேட்டர் அறையில், புரொஜெக்டர் விளக்குக்கான கார்பன் குச்சி வைத்திருக்கும் டப்பாவுக்குள் இருக்கும். தம்பி யாரை நம்பினார் என்பதை நான் எங்கேயும் எழுதவில்லை.

இந்தக் கலையை நான் கற்றுக்கொண்டது லாஸ்ட் ஆஃப் அஸ் கேமிலிருந்து (2013). கட்சீன்களாலேயே, அதாவது ஆட்டம் நின்று சினிமா போல ஓடும் காட்சிகளாலேயே, பேர் வாங்கிய கேம் அது. ஆனால் எனக்கு அதில் மறக்காதது, ஒரு தடவைகூடக் கண்ணில் படாத ஓர் ஆள்: இஷ். கரையில் கிடக்கும் படகில் அவர் எழுதிய குறிப்பு ஒன்று கிடைக்கிறது. அப்புறம் சாக்கடைச் சுரங்கத்துக்குள் போனால், அங்கே ஒரு சின்னக் குடியிருப்பே இருந்திருக்கிறது. குழந்தைகள் வரைந்த படங்கள், பொம்மைகள், எல்லோரும் பின்பற்ற வேண்டிய விதிகள். நாம் போகும்போது அந்தக் குடியிருப்பு அழிந்து கிடக்கிறது. கடைசியில் ஓர் அறையில் துணி போர்த்திய சின்னச் சின்ன உருவங்கள். பக்கத்தில் தரையில் ஒரு வரி, அவர்கள் துன்பப்படவில்லை என்று. நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். முதலில் படங்களையும் பொம்மைகளையும் காட்டியதால்தான் அந்த வரி அப்படி அடிக்கிறது. வரிசை மாறியிருந்தால் இன்னொரு பிண அறை, அவ்வளவுதான். ஆகவே தடயங்களை எழுதி முடித்ததும் அவற்றை எந்த வரிசையில் காண்பார்கள் என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

எழுத்தே இல்லாமல் ஓட்ட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. வைக்கும் எழுத்து, அந்த உலகத்தில் இயல்பாக எங்கே இருக்குமோ அங்கே இருக்கட்டும். என் தியேட்டரில் அது டிக்கெட் கட்டணப் பலகை. தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வரி. மேலே மேலே பெயின்ட் அடித்து விலை மாற்றிய அடையாளம். தரை வரியை ஒரு கட்டத்தில் மொத்தமாக அடித்துவிட்டார்கள். தியேட்டர் எப்படி மாறிக்கொண்டே வந்தது என்பது அதில் இருக்கிறது. (அந்தப் பலகையைப் படமாக வரைய வேண்டியதாயிற்று. நான் முதலில் பயன்படுத்திய மென்பொருளில் 'பெஞ்சு' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம் போய் நின்றது. கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருளுக்கு மாறியபின் அந்தத் தொல்லை போனது.)

இடைவெளி விடுவது பற்றி ஓர் எச்சரிக்கை. டார்க் சோல்ஸ் கேமை ஆடிவிட்டு வரும் தம்பிகள், எதையும் சொல்லாமல் விட்டால் ஆழம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் இயக்குநர் மியாசாகி சிறுவயதில் ஆங்கிலப் புத்தகங்களைப் பாதி புரிந்தும் புரியாமலும் படித்து, புரியாததைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அனுபவம் அவர் கேம்களில் தெரிகிறது. ஆனால் நாம் நிரப்ப முடிவது, அடியில் ஒரு முழுக்கதை இருப்பதால். அதே மியாசாகியின் எல்டன் ரிங் (2022) கேமுக்கு, கதை தொடங்குவதற்கு வெகுகாலம் முந்தைய வரலாற்றை நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினை எழுத வைத்தார்கள். நாம் நுழைவது அந்த வரலாறு உடைந்து சிதறிய பிறகு. முழுசாக ஒன்று இருந்தால்தான் உடைக்க முடியும். அதனால் என் 40 பக்கத்தை நான் கிழித்துப் போடவில்லை, பீரோவில் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் சோதனை. கேம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். ஆடி முடித்ததும் மூன்றே கேள்வி: இங்கே யார் இருந்தாங்க? கடைசியா இங்க என்ன நடந்துச்சு? நீ எதுக்கு உள்ள போன? முதல் இரண்டுக்குப் பதில் வராவிட்டால் உலகத்தில் பொருள் போதவில்லை. மூன்றாவதில் விழித்தால் கதை போதவில்லை. அவர் ஸ்கிப் பட்டனை எங்கே அமுக்கினார் என்பதையும் குறித்து வையுங்கள், பதில்களைவிட அது நேர்மையாக இருக்கும்.

போன மாதம் அக்கா பையன் மறுபடி ஆடினான். இரண்டு பூட்டைப் பார்த்ததும் நின்றான். "யாரோ யாரையோ நம்பலை போல" என்று முனகிக்கொண்டே மேசைப் பக்கம் போனான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு வரிசைக்குப் பின்னால் இப்போது பாத்ரூமும் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவன், திரும்பி என்னைப் பார்த்தான்.

"மாமா, வாளி?"