பழைய ஜெர்மன் கார்: வீட்டிலேயே மீட்டெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜெர்மன் காரை வாங்கியவர்களின் முதல் தவறு, பெரும்பாலும் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பதிவு ஆவணத்தில் உள்ள ஆண்டைப் பார்த்து, அதை நம்பிப் பாகங்களுக்குப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொண்டால், 1950களின் நடுப்பகுதியிலிருந்து அதன் மாடல் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே தொடங்கிவிடும். ஆகவே 1967 அக்டோபரில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பீட்டில், 1968ஆம் ஆண்டு மாடலாகும். அந்த மாற்றத்தின்போது பெரும்பாலான வகைகளில் பம்பரும் முகப்பு விளக்கும் வேறாகிவிட்டன. மின்சார அமைப்பு 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியதோ, எஞ்சின் அளவையும் வண்டி விற்கப்பட்ட நாட்டையும் பொறுத்து வெவ்வேறு நேரங்களில் நடந்தது. பதிவு ஆண்டை மட்டும் நம்பி வாங்கிய ஸ்டார்ட்டர் மோட்டார், அலமாரியில் உறங்குவதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

இதற்கு மருந்து, சேஸிஸ் எண்ணைப் படிப்பதுதான். பீட்டிலில் அந்த எண் பின் இருக்கைக்கு அடியில், தரையின் நடுவே ஓடும் சுரங்கம் போன்ற மேட்டின் மீது பொறிக்கப்பட்டிருக்கும். மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளுக்கு ‘டேட்டா கார்டு’ என்றொரு தொழிற்சாலைப் பதிவு உண்டு. எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், பெயிண்ட் எண், வாங்கியவர் கேட்டுப் பெற்ற கூடுதல் வசதிகள் ஆகிய அனைத்தும் அதில் குறியீடுகளாக இருக்கும். பாகங்களின் எண்ணும் பொருளற்ற இலக்க வரிசையன்று. பழைய ஃபோக்ஸ்வாகன் பாக எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகம் எந்த வகை வண்டிக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதையும், நான்காவது இலக்கம் அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடும்; 1 என்றால் எஞ்சின், 8 என்றால் பாடி, 9 என்றால் மின்சாரம். எனக்குத் தெரிந்த வரையில், வீட்டு மீட்டெடுப்பில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி, வண்டியிலேயே எழுதியிருப்பதைப் படிக்காமல் கை வைப்பதால் வருபவை.

உடனே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது

பல ஆண்டுகள் நின்ற வண்டிக்குப் புதிய பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். அந்த ஒரு நிமிட ஆசை சிலிண்டர் சுவரைக் கீறிவிடக்கூடும். நின்றுபோன எஞ்சினில் எண்ணெய்ப் படலம் வடிந்திருக்கும், பிஸ்டன் வளையங்கள் துருவில் ஒட்டியிருக்கலாம், டாங்கின் அடியில் பிசினாக மாறிய பெட்ரோலும் துருத்தூளும் கிடக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்ட பின், கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் வலிந்து திருப்பாமல் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். எஞ்சின் தடையின்றிச் சுழன்றால், பழைய எண்ணெயையும் பெட்ரோலையும் முழுவதும் வடித்து மாற்றிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொடலாம்.

ஒரே வாரத்தில் முழு வண்டியையும் கழற்றுவது

கழற்றுவது இன்பமான வேலை; அதில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே அது ஆபத்தானது. பாடி வேறு, சேஸிஸ் வேறு, எஞ்சின் வேறு என்று பிரித்துப் போட்ட வண்டிகள் பல, அந்த நிலையிலேயே அடுத்தவர் கைக்கு விற்கப்படுகின்றன. வாங்குபவருக்கு எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று தெரிவதில்லை. விற்பவருக்கும் அதற்குள் மறந்திருக்கும். ஒரு பகுதியைக் கழற்றி, சீர்செய்து, திரும்ப மாட்டிய பின் அடுத்த பகுதிக்குச் செல்வது மெதுவான வழி. வண்டி முடியும் வழியும் அதுதான். பாடியைத் தூக்கியே தீர வேண்டிய வேலையாக இருந்தால், ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனிப் பைகளில் இட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்ட வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது கழற்றிய பாகத்தை எடுப்பதை விட, கழற்றுவதற்கு முன் அது இருந்த நிலையைச் சுற்றுப்புறத்தோடு எடுப்பதே பின்னால் பயன்படும். குறிப்பாக ஹோஸ்கள் போகும் வழியையும் வாஷர்கள் அடுக்கப்பட்ட வரிசையையும் எந்த நினைவாற்றலும் தாங்காது.

துருவைக் குறைத்து மதிப்பிடுவது

எஞ்சினைப் பற்றிப் பல மணி நேரம் பேசுபவர்கள் தகட்டைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். ஆனால் இந்த வண்டிகளின் விதியைத் தீர்மானிப்பது தகடுதான். எஞ்சினுக்கு வேண்டிய பாகங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். வாங்கும்போதே பெயிண்ட் தடிமன் அளக்கும் சிறு கருவியை எடுத்துச் செல்வது நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஓரிடத்தில் அது பல நூறு மைக்ரானாக எகிறினால், பளபளப்புக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

பீட்டிலின் கதவுகளுக்குக் கீழே, பின்னாலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் பெட்டி போன்ற குழாய்கள் இருபுறமும் ஓடுகின்றன. பார்வைக்கு வெறும் காற்றுக் குழாய்; உண்மையில் பாடியின் விறைப்பைத் தாங்குவது அதுதான். இது துருப்பிடித்திருப்பதைக் கண்டவுடன் வெட்டி எடுத்துவிடுவது மிகப் பெரிய தவறு. குழாய் போனதும் பாடி சில மில்லிமீட்டர் தொய்யும். புதிய குழாயை அந்தத் தொய்ந்த நிலையிலேயே வெல்டு செய்துவிட்டால், கதவு பிறகு எந்நாளும் சரியாக மூடாது. வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குள் இரும்புக் கம்பிகளைக் குறுக்காக வெல்டு செய்து, கதவு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். மெர்சிடிஸ் டபிள்யூ 123 வகையில் ஜாக் வைக்கும் இடங்களையும் இதே கவனத்துடன் பார்க்க வேண்டும். மேலே கறுப்புப் பூச்சு அழகாக இருக்க, உள்ளே தகடு அப்பளம் போல நொறுங்கும் நிலையில் இருப்பது அரிதன்று.

பாடித் தகடு பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அதில் நீளமாக ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் வெப்பத்தில் தகடு அலை அலையாக நெளியும். ஓரிடத்தில் ஒரு புள்ளி, பிறகு தொலைவில் ஒரு புள்ளி, இடையில் ஆற விடுவது என்று பொறுமையாகச் செல்ல வேண்டும். மணல் வீச்சில் துருவை எடுக்கும்போதும் இதே சிக்கல் உண்டு: கதவு, பானட், கூரை போன்ற அகன்ற தகடுகள் அழுத்தத்தில் உப்பிக் கெட்டுவிடும். கனமான சஸ்பென்ஷன் பாகங்களுக்கு மணல் வீச்சு ஏற்றது. அகன்ற தகட்டுக்குப் பெயிண்ட் கரைப்பானும் கைத் தேய்ப்பும் போதும். பட்டறைகளில் சிலிக்கா மணலைப் பயன்படுத்துவது நுரையீரலுக்குக் கேடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தகட்டைச் சுத்தமாக்கிய பிறகு சாதாரண பிரைமர் அடித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் வழக்கமான பிழை. அந்தப் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. அடியில் துரு மீண்டும் முளைத்துவிடும். எப்பாக்ஸி பிரைமர்தான் தகட்டை மூடிக் காக்கும். பெட்டி போன்ற உட்பகுதிகளுக்கு பெயிண்ட் வேலை முடிந்த பின் மெழுகு செலுத்துவதை மறந்தால், வெளியில் செய்த வேலை முழுவதையும் உள்ளிருந்து வரும் துரு சில ஆண்டுகளில் தின்றுவிடும்.

கைக்கணக்கில் முறுக்குவது

பீட்டிலின் பின் அச்சு நட்டை ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். அதே வண்டியின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் வடிகட்டித் தகட்டைப் பிடிக்கும் சிறு நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர்தான் அளவு. இரண்டையும் ‘நன்றாக இறுகியது’ என்ற ஒரே உணர்வில் முறுக்குபவர், ஒன்றைத் தளர்வாக விடுவார், மற்றொன்றின் ஸ்டட்டை முறித்துவிடுவார். எஞ்சின் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது என்பதால், மரை உருவிக்கொள்வது இங்கே மிக எளிது. முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பளபளப்பாக இருக்கிறதே என்று எல்லா போல்ட்டுகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுவது இன்னொரு தவறு. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருப்பது அழகுக்காக அன்று; அது வலிமை வகுப்பு. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் ஆகிய இடங்களில் அந்த எண்ணுக்குக் குறைந்த எதையும் மாட்டக் கூடாது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் 8.8 வகுப்பைக் கூட எட்டுவதில்லை.

வயரிங்கைக் கண்டு அஞ்சுவது

மின்சாரப் பகுதியை ஒரு கறுப்புக் கலையாக நினைத்து, பழுதான வயருக்குப் பக்கத்தில் கையில் கிடைத்த நிறத்தில் புதிய வயர் இழுப்பவர்கள், தமக்குப் பின் வருபவருக்குப் பாவம் செய்கிறார்கள். ஜெர்மன் வண்டிகளில் முனையங்களுக்கெல்லாம் டிஐஎன் 72552 என்ற தரநிலைப்படி எண் உண்டு. 30 என்பது பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், 15 என்பது சாவி திருப்பிய பின் வருவது, 31 என்பது எர்த், 50 என்பது ஸ்டார்ட்டருக்குச் செல்வது. மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயில் 85, 86 சுருளின் முனைகள். 87 வெளியேறும் முனை. இப்படிப் பத்துப் பன்னிரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொண்டால், எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் வயரிங் வரைபடம் புரியத் தொடங்கிவிடும்.

மற்றொன்று, இந்த வண்டிகளின் நீள்வட்ட பியூஸ்கள். அவற்றின் முனைத் தொப்பியில் படியும் வெள்ளை ஆக்சைடு, மின்னோட்டத்தைத் தடுத்து ஆயிரம் வேடிக்கை காட்டும். முகப்பு விளக்கு மங்கியதற்கு ஆல்டர்னேட்டரையே மாற்றிவிட்டு, பிறகு பியூஸை விரலால் சற்றுச் சுழற்றியதும் விளக்கு பளிச்சிட்டதைக் கண்டு வெட்கப்பட்டவன் நான். எர்த் இணைப்புகளும் அப்படியே: புதிதாகப் பெயிண்ட் அடித்த பாடியில் எர்த் போல்ட் பதியும் இடத்தைச் சுரண்டி உலோகத்தைக் காட்டாவிட்டால், பாதி விளக்குகள் எரியாது.

தொழிற்சாலையை விடப் புத்திசாலியாக இருப்பது

காற்றால் குளிரும் பீட்டில் எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு மூடிகள், ரப்பர் பட்டை, தெர்மோஸ்டாட், காற்றுத் தடுப்பு மடிப்புகள் ஆகியவை தேவையற்றவை என்று எடுத்தெறிவோர் இன்றும் உண்டு. எஞ்சின் அறையைக் கீழே உள்ள வெப்பக் காற்றிலிருந்து பிரிப்பதே அந்த ரப்பர் பட்டை; அது இல்லாவிட்டால் விசிறி, எஞ்சின் கழித்த சூட்டையே திரும்ப உறிஞ்சும். பழைய அமைப்பில் எண்ணெய்க் குளிர்விப்பான் மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறைப்பதால், முதலில் பாதிக்கப்படுவதும் அதுவே.

1973இல் அறிமுகமான பாஷ் கே-ஜெட்ரானிக் எரிபொருள் அமைப்பில், எஞ்சின் சீராக ஓடாவிட்டால் உடனே 3 மில்லிமீட்டர் ஆலன் கீயை எடுத்து, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகைத் திருப்புவார்கள். எங்கோ ரப்பர் வெடித்துக் காற்று கசிவதையும், அழுத்தம் தவறியிருப்பதையும் அளந்து பார்க்காமல் அந்தத் திருகைத் தொட்டால், ஒரு பழுது இரண்டாகும். டபிள்யூ 123 டீசலில் சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், பம்பைக் குறை சொல்லும் முன் வெற்றிடக் குழாய்களைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்துவதும் கதவைப் பூட்டுவதும் ஒரே வெற்றிட அமைப்பைச் சார்ந்தவை. கதவுக்குள் கிழிந்த ஒரு ரப்பர் சவ்வு கூடக் காரணமாகலாம்.

உயிரோடு விளையாடுவது

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆனாலும் படுக்கிறார்கள். பலருக்குத் தெரியாத ஆபத்துகள் வேறு சில உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில், அது முழுவதும் ஆவியாகும் முன் வெல்டிங் செய்தால், ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். ஜெர்மனி 1993இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்வதற்கு முந்தைய வண்டிகளின் பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் அது இருக்க வாய்ப்புள்ளது. ஆகவே அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் நனைத்துத் துடைக்க வேண்டும். ஹார்டனர் சேர்த்து அடிக்கும் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் என்னும் நச்சுப் பொருள் சாதாரண முகமூடிக்கு அடங்காது. அந்த வேலையை முறையான பெயிண்ட் அறை உள்ளவரிடம் விடுவதில் எந்த இழுக்கும் இல்லை.

துணி பின்னிய பழைய பெட்ரோல் ஹோஸ் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விறைத்து வெடித்திருக்கும். பீட்டிலில் அது சூடான எஞ்சினுக்கு மேலேயே இருப்பதால், விலை மலிவான அந்தப் பாகமே பல வண்டிகளை எரித்திருக்கிறது. எத்தனால் தாங்கும் புதிய ஹோஸை மாட்ட வேண்டும். அதே வண்டியில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது; அதன் மேல்மூடி இல்லாமல் கனமானவர் உட்கார்ந்தால், இருக்கையின் சுருள்கம்பி பேட்டரி முனைகளைத் தொட்டுத் தீப்பிடிக்கும். பிரேக் ஆயிலில் டாட் 5 என்பது சிலிகான் வகை. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரால் குழப்பினாலும் சிலிகான் அன்று.

எல்லாவற்றையும் புதிதாக்குவது

ஜெர்மனியில் 1997 முதல், குறைந்தது 30 ஆண்டு பழைய வண்டிகளுக்கு ‘எச்’ எழுத்துள்ள எண் பலகை வழங்கப்படுகிறது. வண்டி நல்ல நிலையிலும் பெருமளவு அசல் வடிவிலும் இருக்கிறது என்று வல்லுநர் சான்றளித்தால்தான் அது கிடைக்கும். அங்கே வசிக்காதவருக்கும் அந்த அளவுகோல் பயன்படும். ஓரளவு நன்றாக இருக்கும் முதல் பெயிண்டை உரித்துவிட்டால், அதைத் திரும்பப் பெற வழியில்லை. லேசாகத் தேய்ந்த இருக்கைத் துணியும் அப்படித்தான். சுத்தம் செய்து பார்த்து, அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் வைத்திருங்கள். மாற்றாக வந்த புதிய பாகத்தின் தரம் சில மாதங்களிலேயே பல்லிளிக்கக்கூடும், அப்போது பழையதைச் சீர்செய்து மாட்டுவதே சிறந்த வழியாக இருக்கும்.

வேலை முடிந்ததும் நெடும்பயணம் கிளம்புவது கடைசித் தவறு. முதல் சில பயணங்கள், நடந்தே வீடு திரும்பக்கூடிய தொலைவுக்குள், தீயணைப்பான் ஒன்றை இருக்கைக்கு அருகில் வைத்துக்கொண்டு அமைய வேண்டும். 500 கிலோமீட்டருக்குப் பின் எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் சரிபார்த்து, சக்கர போல்ட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் மீண்டும் அளவுப்படி முறுக்கிப் பார்க்க வேண்டும். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பளபளக்கும் துகள்கள் தெரிந்தால், அடுத்த பயணத்துக்கு முன் எஞ்சினைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.