பல் கிளினிக் அலமாரியில் நைட்ரஸ் ஆக்சைடு மிக்சர் பொருத்துவது எப்படி?

சிகிச்சைக்குப் பயந்து அழும் குழந்தைகளை அமைதிப்படுத்த, நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் கலந்து மூக்கு மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். அந்தக் கலவையைத் தரும் மிக்சரை அலமாரியில் மாட்டும் முறை இது. சுவருக்குள் செப்புக் குழாய் பதிப்பது தனி வேலை, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். முதல் தடவை மாட்டும்போது அனுபவமுள்ள டெக்னீஷியன் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இடம் பார்ப்பது

மருத்துவர் உட்கார்ந்தபடியே அளவைப் படிக்க முடிகிற உயரம் வேண்டும். உருண்டை மிதக்கும் ஃப்ளோமீட்டர் (வாயு ஓடும் அளவைக் காட்டும் குழாய்) என்றால் ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். சாய்ந்தால் அளவு தப்பும். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ நாளடைவில் கழன்று வரும். பின்னால் ஒரு பிளைவுட் துண்டு கொடுத்து, வாஷர் போட்டு போல்ட்டால் இறுக்குவது நல்லது. மிக்சருக்குக் கீழே தொங்கும் வாயுப் பை முழுதாக உப்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலமாரியில் மேலும் கீழும் காற்றுத் துளைகள் அவசியம். நைட்ரஸ் ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும். ஆக்சிஜன் தேங்கினால் சின்னப் பொறிகூடப் பெரிய தீயாகும். எண்ணெய், கிரீஸ் எதுவும் இணைப்புகள் பக்கமே வரக் கூடாது. கையில் தடவிய கிரீமும் இதில் சேர்த்தி.

சிலிண்டரும் ஹோஸும்

சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: இந்தியாவில் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்துமாக இருக்கும், அமெரிக்காவில் பச்சை. லேபிளைப் படியுங்கள். சிறிய சிலிண்டர்களில், வாயு மாறி மாட்டாமல் இருக்க, இணைப்பின் ஊசிகள் இறங்கும் துளைகளின் இடமும் வேறுபடும்: ஆக்சிஜனுக்கு 2, 5 எண் இடங்கள், நைட்ரஸுக்கு 3, 5. சீல் வாஷர் ஒன்றுதான் போட வேண்டும். இரண்டு போட்டால் ஊசிகள் துளைக்குள் இறங்காமலே இணைப்பு இறுகிவிடலாம், அப்புறம் அந்தப் பாதுகாப்பு இருந்தும் பயனில்லை. ஹோஸ் நட்டு சேரவில்லையா? நிறுத்துங்கள். அடாப்டர் தேடாதீர்கள்.

வால்வை மெதுவாகத் திறந்து, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் சுமார் 50 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டுகிறதா என்று பாருங்கள். மிக்சரை அணைத்துவிட்டு, சிலிண்டர் வால்வுகளையும் மூடி, கேஜைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். முள் இறங்கினால் கசிவு. எங்கே என்று கண்டுபிடிக்க, ஆக்சிஜனுக்கு ஏற்ற கசிவு சோதனைத் திரவத்தை மட்டும் தடவுங்கள்.

சோதனை

ஆக்சிஜன் சிலிண்டரை மூடிப் பாருங்கள், நைட்ரஸும் தானாக நிற்க வேண்டும். குமிழை எவ்வளவு திருப்பினாலும் நைட்ரஸ் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் சரியாக வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு அமைப்புக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும். ஆக்சிஜன் குழாயில் நைட்ரஸே வந்தாலும், அழுத்தம் இருக்கும்வரை அது பேசாமல் இருந்துவிடும்.

2016-ல் சிட்னியின் பாங்க்ஸ்டவுன்-லிட்கம் மருத்துவமனையில் ஆக்சிஜன் முனையிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. அதைச் சுவாசித்த இரண்டு பச்சிளங்குழந்தைகளில் ஒன்று இறந்தது, மற்றதற்கு மூளை பாதிக்கப்பட்டது. குழாய் பொருத்தும்போதே இணைப்பு மாறியிருந்தது, அதைச் சோதனையும் பிடிக்கவில்லை.

அதனால், வாயுவில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் ஆக்சிஜன் அனலைசர் இல்லாமல் வேலையை ஒப்படைக்காதீர்கள். அறைக் காற்றில் 21 சதவீதம் காட்டும்படி சரிசெய்துகொண்டு, மிக்சரை முழு ஆக்சிஜனில் வையுங்கள். கிட்டத்தட்ட 100 வர வேண்டும். பிறகு பாதிக்குப் பாதி வைத்தால் 50. ஆக்சிஜனை மட்டும் வேகமாகத் தரும் ஃப்ளஷ் பட்டனை அழுத்தி, அதில் வருவதையும் அளந்துவிடுங்கள்.

நோயாளி வெளிவிடும் வாயுவை இழுக்கும் ஸ்கேவெஞ்சிங் ஹோஸ் நிமிடத்துக்குச் சுமார் 45 லிட்டர் இழுக்க வேண்டும். அதன் வெளியேற்றம் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னலுக்கும் ஏசி காற்று எடுக்கும் இடத்துக்கும் தள்ளி இருக்கட்டும்.

கிளினிக் ஊழியர்களிடம் கிளம்பும் முன் ஒன்று சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், அது தீரும்வரை கேஜ் ஏறத்தாழ 750 பிஎஸ்ஐயிலேயே நிற்கும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடைதான் போட வேண்டும்.